விஸ்கி லெமனேட் ஆன கதை: பிகிள்ஸைப் பறக்கவிட்ட ‘கேப்டன்’ ஜான்ஸ்

முதல் உலகப் போர்க் காலம். பிரான்ஸில் இரண்டு பிரிட்டிஷ் விமானப் படைப் பிரிவுகளுக்குள் ஒரு பந்தயம். எதிரியின் கண்காணிப்பு பலூனைச் சுட்டு வீழ்த்தும் பிரிவுக்கு ஒரு பெட்டி விஸ்கி பரிசு. 1932-ல் வெளியான ஒரு கதையில் வரும் காட்சி இது.

1950-களில் அதே கதை சிறுவர் பதிப்பாகத் திரும்ப வந்தது. பந்தயம் அப்படியே இருந்தது. பலூனும் இருந்தது. பெட்டிக்குள் இருந்த விஸ்கியை மட்டும் காணோம். அதற்குப் பதிலாக லெமனேட்! ஹைட்ரஜன் நிரப்பிய பலூன், அதைச் சுற்றிக் காவலுக்குப் பீரங்கிகள். அதற்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாய்கிறவர்கள் எலுமிச்சை பானத்துக்காகப் பாய்கிறார்கள் என்று நம்ப வேண்டியதாயிற்று.

இந்தக் கதையை எழுதியவர் டபிள்யூ. ஈ. ஜான்ஸ். அவருடைய நாயகன் பிகிள்ஸ். விமானம் எப்படிப் பறக்கிறது, வானில் போர் எப்படி நடந்தது என்பதை 20-ம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் பிள்ளைகளும், ஆங்கிலம் படித்த பிற நாட்டுப் பிள்ளைகளும் பெருமளவில் தெரிந்துகொண்டது இவருடைய புத்தகங்களில்தான். போரைப் பற்றிப் பிள்ளைகளிடம் எவ்வளவு உண்மை சொல்லலாம் என்ற கேள்வி ஜான்ஸின் வாழ்க்கை முழுக்கக் கூடவே வருகிறது. அதற்கு அவர் எப்போதும் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

யார் இந்த ஜான்ஸ்?

வில்லியம் எர்ல் ஜான்ஸ் 1893 பிப்ரவரி 5 அன்று இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட் ஊரையொட்டிய பெங்கியோவில் பிறந்தார். அப்பா தையல்காரர். ரைட் சகோதரர்கள் முதன்முதலாக விமானத்தைப் பறக்கவிட்ட 1903 டிசம்பரில் ஜான்ஸுக்கு வயது 10. அதாவது, விமானத்தைவிட அவர் பத்து வயது மூத்தவர்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு நில அளவையாளரிடம் தொழில் பழகினார். பிறகு, 1912-ல் நார்ஃபோக் பகுதியிலுள்ள ஸ்வாஃபம் என்ற சிற்றூரில் சுகாதார ஆய்வாளர் வேலை. சாக்கடையையும் கழிவுநீர்க் குழாயையும் சோதிக்கிற உத்தியோகம். போர் வராமல் இருந்திருந்தால் அவர் அதிலேயே ஓய்வுபெற்றிருக்கவும் கூடும்.

1913-ல் நார்ஃபோக் யோமன்ரி என்ற பகுதிநேரக் குதிரைப் படையில் சேர்ந்தார். 1914-ல் ஒரு பாதிரியாரின் மகள் மோட் ஹன்ட்டைத் திருமணம் செய்துகொண்டார். அதே ஆண்டில் போர் மூண்டது.

குதிரையிலிருந்து காக்பிட்டுக்கு

குதிரைப் படை வீரர் என்று பெயர்தானே தவிர, போர்முனையில் குதிரை இல்லை. 1915-ல் துருக்கியின் கல்லிப்பொலிக்கு அவருடைய பிரிவு அனுப்பப்பட்டபோது, எல்லோரும் பதுங்குகுழியில்தான் கிடந்தார்கள். அடுத்து, இயந்திரத் துப்பாக்கிப் படைக்கு மாறி கிரீஸ் நாட்டின் சலோனிகா முனைக்குப் போனார். அங்கே எதிரியின் குண்டைவிடக் கொசு ஆபத்தாக இருந்தது. மலேரியா அவரைப் படுக்கையில் தள்ளியது.

குழியில் கிடந்த பலருக்கும் தலைக்கு மேலே போகிற விமானம் ஒரு கனவாக இருந்த காலம் அது. சேற்றில் புழுங்கிச் சாவதைவிடக் காற்றில் பறந்து சாவது மேல் என்று நினைத்தவர்கள் நிறைய. ஜான்ஸும் விண்ணப்பம் போட்டார். 1917 செப்டம்பரில், ராயல் ஃப்ளையிங் கோர் எனப்பட்ட விமானப் படையில் இரண்டாம் லெஃப்டினன்ட் ஆனார்.

பறக்கக் கற்றுக்கொண்ட கொஞ்ச காலத்திலேயே, 1918-ல், மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற வேலையும் வந்தது. யார்க்ஷயர் கடற்கரையில் மார்ஸ்க் என்ற இடத்தில் பயிற்றுநர். அங்கே இன்ஜின் கோளாறால் மூன்று நாளில் மூன்று விமானங்களை அவர் நொறுக்கியதாக அவருடைய வாழ்க்கைக் கதையில் சொல்லப்படுகிறது. ஒன்று கடலில், ஒன்று மணலில், மூன்றாவது சக அதிகாரி ஒருவரின் வீட்டுப் பின்கதவில்!

சிரிப்பு வருகிற கதைதான். ஆனால், பயிற்றுநரின் கதையே இப்படி என்றால் பயிற்சிக்கு வந்த பையன்களின் கதி என்ன? பிகிள்ஸ் கதைகள் இந்தக் கேள்வியிலிருந்துதான் பின்னால் வளர்ந்தன.

1918 செப்டம்பர் 16

1918 கோடையில் ஜான்ஸ் 55-வது விமானப் படைப் பிரிவில் சேர்ந்தார். பிரான்ஸின் நான்சி நகருக்கு அருகே முகாம். ஜெர்மனிக்குள் பகலிலேயே நீண்டதூரம் பறந்துபோய்க் குண்டு போடுவது வேலை. விமானம் டி.ஹெச்.4. முன்னால் விமானி, பின்னால் துப்பாக்கியுடன் ஒருவர். வழியில் எது நடந்தாலும் இருவர் மட்டுமே.

செப்டம்பர் 16 அன்று இலக்கு மான்ஹைம் நகரம். தரையிலிருந்து வந்த பீரங்கித் தாக்குதலில் ஜான்ஸின் விமானத்தில் எரிபொருள் தொட்டி ஓட்டையானது. கூட்டத்திலிருந்து தனித்துப்போன விமானத்தை ஜெர்மானியப் போர் விமானங்கள் சுற்றி வளைத்தன. பின்னால் இருந்த சக வீரர் சுடப்பட்டு உயிரிழந்தார். விமானம் தரையில் விழுந்து நொறுங்கியது. ஜான்ஸ் காயத்தோடு உயிர் பிழைத்து, போர்க் கைதியானார்.

போர் முடிய அப்போது இரண்டு மாதம்கூட இல்லை. கைதியாக இருந்த அந்தக் காலத்திலும் தப்பிக்க முயன்றிருக்கிறார். நவம்பர் 11-ல் போர் நின்றது. ஆண்டு முடிவதற்குள் வீடு திரும்பினார்.

அவர் விமானிதான், குண்டுவீச்சு விமானி. பிகிள்ஸ் ஓட்டியதோ ஒற்றை ஆள் அமரும் சோப்வித் கேமல் என்ற போர் விமானம். அதனால், பிகிள்ஸ் கதைகள் ஜான்ஸின் சுயசரிதை கிடையாது. தான் பட்டதையும், சக விமானிகள் சொல்லக் கேட்டதையும், போரில் நிஜமாக நடந்த சம்பவங்களையும் சேர்த்துக் கட்டியவை.

லாரன்ஸைத் திருப்பி அனுப்பியவர்

போர் முடிந்த பிறகும் ஜான்ஸ் ராயல் ஏர் ஃபோர்ஸிலேயே 1927 வரை இருந்தார். அதில் கொஞ்ச காலம் லண்டனில் ஆள்சேர்ப்பு அதிகாரி. 1922-ல் ஒருநாள் ஜான் ஹியூம் ராஸ் என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். சாதாரண சிப்பாயாகச் சேர வேண்டுமாம். ஆளைப் பார்த்ததும் ஏதோ இடிக்கிறது என்று ஜான்ஸுக்குப் பட்டது. விசாரித்தார். பெயர் பொய் என்று தெரிந்தது. கிளம்பச் சொல்லிவிட்டார்.

போனவர் விமானத் துறை அமைச்சகத்தின் உத்தரவோடு திரும்பி வந்தார். அவர்தான் டி. ஈ. லாரன்ஸ். அரேபியாவில் போரிட்டு உலகப் புகழ் பெற்று, பிறகு அந்தப் புகழிலிருந்து ஒளிந்துகொள்ள இடம் தேடிய ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’. மேலிடத்து உத்தரவு என்பதால் சேர்த்துக்கொள்வதைத் தவிர ஜான்ஸுக்கு வேறு வழி இருக்கவில்லை.

பொய்ப் பெயரைக் கண்டுபிடித்த இதே ஜான்ஸ்தான், பின்னாளில் தன் பெயருக்கு முன்னால் ‘கேப்டன்’ என்று போட்டுக்கொண்டார். விமானப் படையில் அவர் ஓய்வுபெற்றது ஃப்ளையிங் ஆஃபீஸர் பதவியில். தரைப்படைக் கணக்கில் அது லெஃப்டினன்டுக்குச் சமம். கேப்டனுக்கு ஒரு படி கீழே. புத்தக அட்டையில் எடுப்பாக இருந்ததால் அந்தப் பட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

சொந்த வாழ்க்கையும் நேர்கோட்டில் போகவில்லை. மனைவி மோட்டைப் பிரிந்தார். 1920-களிலிருந்து டோரிஸ் லே என்பவரோடு சேர்ந்து வாழ்ந்தார். விவாகரத்து மட்டும் நடக்கவே இல்லை. ஊருக்கு டோரிஸ்தான் திருமதி ஜான்ஸ்.

பிகிள்ஸ் பிறந்தது எப்படி?

ஜான்ஸுக்குப் படம் வரைவது நன்றாக வரும். படையிலிருந்து வெளியே வந்ததும் பத்திரிகைகளுக்கு விமானப் படங்கள் வரைந்து பிழைத்தார். 1932-ல் ‘பாப்புலர் ஃப்ளையிங்’ என்ற மாத இதழ் தொடங்கப்பட்டபோது அவர்தான் ஆசிரியர்.

அந்தக் காலத்தில் வானப் போர் பற்றிய மலிவுவிலைக் கதைப் புத்தகங்கள் கடையில் குவிந்து கிடந்தன. விமானத்தையே கிட்டப் போய்ப் பார்க்காதவர்கள் எழுதியவை. அவற்றில் விமானம் செய்கிற வித்தைகளைப் பார்த்து ஜான்ஸுக்கு எரிச்சல். விஷயம் தெரிந்த ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும் என்று காட்ட, தன் இதழிலேயே ஒரு கதை எழுதினார். ஜேம்ஸ் பிகிள்ஸ்வொர்த், சுருக்கமாக பிகிள்ஸ், அதில்தான் முதன்முதலாக வந்தான். அதே ஆண்டில் ‘தி கேமல்ஸ் ஆர் கமிங்’ என்ற தொகுப்பு வெளியானது. லெமனேடாக மாறிய அந்த விஸ்கிப் பெட்டி இந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது.

கதைப்படி பிகிள்ஸ் இந்தியாவில் பிறந்தவன். அப்பா இங்கே ஐ.சி.எஸ். அதிகாரி. படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பையன், வயதைக் கூட்டிச் சொல்லி 17 வயதில் விமானப் படையில் சேர்கிறான். அவனுடைய இந்தியச் சிறுவயதைச் சொல்லும் ‘தி பாய் பிகிள்ஸ்’ 1968-ல் வந்தது.

முதல் கதைகளில் வரும் பிகிள்ஸ் மார்பு விரித்து நிற்கிற மாவீரன் இல்லை. ஒல்லியான பையன். கண்கள் ஒரு இடத்தில் நிலைக்காது. கைகள் எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கும். நண்பர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வராமல் போவதைப் பார்த்துப் பார்த்து நரம்பு தளர்ந்தவன். குடிக்கிறான், புகைக்கிறான், சில சமயம் உடைந்தும் போகிறான். இன்று அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தம் என்று மருத்துவர்கள் பெயர் சொல்வதை, அந்தப் பெயர் வருவதற்கு முன்பே ஜான்ஸ் காட்டிவிட்டார்.

கதைக்குள் இருந்த பாடம்

பிகிள்ஸ் கதைகளில் விமானம் வெறும் வாகனம் அல்ல, ஒரு பாத்திரம். கேமல் விமானத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதன் இன்ஜின் ரோட்டரி வகை. அதாவது, புரொப்பெல்லரோடு சேர்ந்து இன்ஜினின் சிலிண்டர்களும் சுற்றும். அவ்வளவு எடை மூக்கில் சுழன்றால் என்ன ஆகும்? பம்பரத்தின் குணம் விமானத்துக்கும் வந்துவிடும். வலது பக்கம் மின்னல் வேகத்தில் திரும்பும். தெரிந்தவன் கையில் அது ஆயுதம். கவனம் தப்பினால் அதே வேகத்தில் சுழன்று தரையில் குத்தும். எதிரியைப் பார்க்கும் முன்பே இந்த விமானத்துக்குப் பலியான பயிற்சி விமானிகள் உண்டு.

அந்த இன்ஜினுக்கு மசகு எண்ணெய் என்ன தெரியுமா? நம்ம ஊர் விளக்கெண்ணெய்! ஆமணக்கு எண்ணெய் பெட்ரோலோடு எளிதில் கலக்காது என்பதால் அதைப் பயன்படுத்தினார்கள். எரிந்தது போக மிச்ச எண்ணெய் புகையோடு சேர்ந்து பின்னால் தெறிக்கும். விமானியின் கண்ணாடியிலும் முகத்திலும் படியும், மூச்சோடு உள்ளேயும் போகும். விளக்கெண்ணெய் வயிற்றுக்குள் போனால் என்ன நடக்கும் என்பதை நம்ம பாட்டிகளிடம் கேட்டாலே தெரியும். பட்டுக் கழுத்துத்துணியும் காற்றில் பறக்கும் கம்பீரமும் போஸ்டரில் மட்டும்தான்.

இன்னொரு உண்மை இதைவிடக் கசப்பானது. முதல் உலகப் போரில் பலூனில் ஏறிய பிரிட்டிஷ் கண்காணிப்பாளர்களுக்குப் பாராசூட் இருந்தது. விமானத்தில் போன விமானிகளுக்குத் தரப்படவில்லை. மரச்சட்டமும் துணியும் பெட்ரோலும் சேர்ந்த விமானம் நடுவானில் தீப்பிடித்தால், எரிவதா குதிப்பதா என்பதுதான் அவர்கள் முன்னால் இருந்த தேர்வு.

1935-ல் வந்த ‘பிகிள்ஸ் லேர்ன்ஸ் டு ஃப்ளை’ இந்த உலகத்துக்குள் ஒரு பள்ளிப் பையனைத் தள்ளிவிடுகிறது. சொற்ப மணி நேரம் தனியாகப் பறந்த அனுபவத்தோடு போர்முனைக்குப் போகிறான் பிகிள்ஸ். முதல் சில வாரங்களைத் தாண்டுவதே சாமர்த்தியம். எதிரி எந்தத் திசையிலிருந்து வருவான், சூரியனுக்குப் பின்னால் ஏன் பார்க்க வேண்டும், மேகத்துக்குள் போனால் எப்படித் தலைகீழாகும் என்று ஒவ்வொன்றாகக் கற்கிறான். கூடவே வாசிக்கிற பிள்ளையும் கற்றுக்கொள்கிறது. பாடப்புத்தகம் செய்யாத வேலையை இந்தக் கதைகள் செய்தது இப்படித்தான்.

ஆசிரியர் வேலை போச்சு

1930-களின் நடுவில் ஹிட்லரின் விமானப் படை வளர்ந்துகொண்டிருந்தது. பிரிட்டனின் படையில் பழைய விமானங்கள், போதாத பயிற்சி. நேரில் பட்டவருக்கு இது புரியாதா? ஜான்ஸ் தன் தலையங்கங்களில் மாதாமாதம் அடித்து எழுதினார். ஹிட்லரோடு சமரசம் பேசும் பிரிட்டிஷ் அரசின் போக்கையும் விடவில்லை. தயாராகாமல் போனால், 1917-ல் நடந்ததுபோல அரைகுறைப் பயிற்சியோடு பையன்களை வானத்துக்கு அனுப்ப வேண்டிவரும் என்பது அவருடைய பயம்.

1938-ல் ‘ஃப்ளையிங்’ என்ற வார இதழுக்கும் அவர் ஆசிரியரானார். 1939 தொடக்கத்தில் இரண்டு இதழ்களிலிருந்தும் நீக்கப்பட்டார். அரசைக் கடுமையாக விமர்சித்ததுதான் காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் போர் வந்தது. அவர் எச்சரித்தது சரியாகிப்போனது. ஆனால், வேலை போனது போனதுதான்.

வேடிக்கை என்னவென்றால், போர் வந்ததும் அதே அரசுக்கு அவருடைய பேனா தேவைப்பட்டது. விமானப் படையின் மகளிர் பிரிவில் பெண்களைச் சேர்க்க ஒரு நாயகி வேண்டும் என்று கேட்டார்கள். 1941-ல் வோரல்ஸ் புத்தகமாக வந்தாள். ஜோன் வோரல்சன் என்ற அந்த இளம்பெண் விமானம் ஓட்டுவாள், உளவாளியைத் துரத்துவாள். நிஜத்தில் பெண்களைப் போர் விமானத்தில் சண்டைக்கு அனுப்பாத காலத்தில், முதல் கதையிலேயே எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்துவாள். தரைப்படை கேட்டபோது கமாண்டோ வீரன் கிம்லெட்டையும் உருவாக்கிக் கொடுத்தார்.

பிகிள்ஸும் புதிய போருக்கு மாற்றப்பட்டான். 1941-ல் வந்த ‘ஸ்பிட்ஃபயர் பரேட்’ தொகுப்பின் கதைகள் பலவும் பழைய ‘கேமல்’ கதைகள்தான். விமானத்தின் பெயரும் காலமும் மாறின, சம்பவம் அதேதான். 1932-ல் போர் எவ்வளவு கொடுமை என்று சொன்ன கதைகள், 1941-ல் போருக்குத் தெம்பு தரும் கதைகளாக வேலை செய்தன. ஜான்ஸின் பயணத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. விஸ்கி லெமனேடாக மாறுவதற்கு முன்பே, பிகிள்ஸின் நடுங்கும் கைகள் காணாமல் போக ஆரம்பித்துவிட்டன.

இன்று படித்தால் எது நெருடும்?

பிகிள்ஸ் புத்தகங்கள் மட்டும் கிட்டத்தட்ட 100. எல்லாம் சேர்த்து 160-க்கும் மேல். இவ்வளவு எழுதினால் எல்லாமே தரமாக இருக்காது. போருக்குப் பிறகு பிகிள்ஸ் ஸ்காட்லாந்து யார்டின் விமானப் போலீஸ் ஆகிறான். புத்தகங்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரத் தொடங்கின.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. ஆப்பிரிக்காவிலோ பசிபிக் தீவிலோ ஆசியாவிலோ கதை நடந்தால், உள்ளூர் மக்கள் பல இடங்களில் மூடர்களாகவோ வஞ்சகர்களாகவோ வேலைக்காரர்களாகவோ வருகிறார்கள். பேரரசின் கண்ணாடி போட்ட பார்வை அது. இந்தக் காரணத்துக்காகவே பிற்காலத்தில் பிரிட்டனில் சில நூலகங்கள் பிகிள்ஸை அலமாரியிலிருந்து எடுத்தன. காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துபோகலாம்தான். ஆனால், இந்தியாவில் பிறந்ததாகச் சொல்லப்படும் நாயகனை ஓர் இந்தியப் பிள்ளை படிக்கும்போது, தன்னை எந்தப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

இதே ஜான்ஸ் வேறு மாதிரியும் எழுதியிருக்கிறார். பிகிள்ஸின் பரம எதிரி எரிக் ஃபான் ஸ்டால்ஹைன் என்ற ஜெர்மானிய உளவாளி. பல புத்தகங்களில் மோதிய பிறகு, 1958-ல் வந்த கதையில் சகலின் தீவுச் சிறையிலிருந்து அவரை பிகிள்ஸே மீட்கிறான். முதல் தொகுப்பில் பிகிள்ஸ் காதலித்த பெண் மரீ ஜானிஸ் எதிரி நாட்டு உளவாளி என்று தெரியவருகிறது. அதற்குப் பிறகு அவன் திருமணமே செய்துகொள்ளவில்லை. 1965-ல் வந்த புத்தகத்தில், அதே ஸ்டால்ஹைனோடு சேர்ந்து போய் அவளைக் காப்பாற்றுகிறான். ஜெர்மானியரால் சுடப்பட்டு, சக வீரரை இழந்து, அவர்களிடமே கைதியாக இருந்த ஒருவர் எழுதிய முடிவு இது.

பாதியில் நின்ற கடைசிக் கதை

ஜான்ஸ் கடைசிவரை எழுதிக்கொண்டே இருந்தார். விண்வெளிக் கதைகளும் எழுதினார். 1968 ஜூன் 21 அன்று 75-வது வயதில் இறந்தார். மனிதன் நிலவில் கால் வைக்க இன்னும் 13 மாதங்கள்தான் இருந்தன.

அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த பிகிள்ஸ் புத்தகம் பாதியில் நின்றது. அதில் பிகிள்ஸ் ஓய்வுபெறத் தயாராகிறான். அவனுடைய இடத்துக்கு வரப்போகிறவனாகக் கலப்பினத்தைச் சேர்ந்த ஓர் இளைஞனை ஜான்ஸ் அறிமுகப்படுத்தியிருந்தார். அந்தக் கதை எங்கே போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் விமானப் பைத்தியம் பிடித்த பிள்ளை இருந்து, பிகிள்ஸை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் ‘பிகிள்ஸ் லேர்ன்ஸ் டு ஃப்ளை’ நல்ல தொடக்கம். அடுத்து ‘தி கேமல்ஸ் ஆர் கமிங்’. வாங்கும்போது ஒரு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்: பலூன் பந்தயக் கதையில் பெட்டிக்குள் இருப்பது விஸ்கியா, லெமனேடா? விஸ்கி இருக்கிற பதிப்பை, பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே படிக்கலாம். அந்தப் பையன்கள் ஏன் அவ்வளவு குடித்தார்கள் என்று பிள்ளை கேட்கும். விமானப் போரின் வரலாற்றை அங்கிருந்தே சொல்ல ஆரம்பிக்கலாம்.